பெண்கள் விழா

படிக்கட்டே இல்லாத வீட்டில் படியில் விழுந்த பெண் என்று பிரபாலினிக்குக் கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் கொஞ்சம் பெயர் இருந்தது.

அவளும் கணவன் வசந்த்குமாரும் குடியிருந்தது தரைத்தளத்தில். வீதியிலிருந்து ஒரு தள்ளுவண்டியைச் சமையலறைவரை தடங்கலில்லாமல் உருட்டிக்கொண்டு போகலாம். ஆனாலும் கோயிலில் யாராவது அவள் முகத்தைப் பார்த்து, கன்னம் ஏன் வீங்கியிருக்கிறது என்று கேட்டால், "படியிலை விழுந்திட்டன் அக்கா" என்றுதான் அவள் வாயில் வந்தது. கேட்டவர்கள் தலையாட்டினார்கள். பார்த்து இறங்க வேண்டும் என்றார்கள். எந்தப் படி என்று ஒருவரும் கேட்கவில்லை.

நாளடைவில் பிரபாலினிக்கு அந்தச் சொல்லில் ஒரு வசதி தெரிந்தது. விழுந்திட்டன் என்பதில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. அடித்தவர், அடிபட்டவள் என்று இரண்டு பேரை வைத்துக் கதை சொல்லத் தொடங்கினால் எங்கே, எதற்கு, நீ என்ன சொன்னாய் என்று கேள்விகள் வரும். ஆள் ஒன்று என்றால் ஒரு சொல்லில் காரியம் முடிந்துவிடும். முதல் தடவை சொன்னபோது அது பொய் என்று நெஞ்சு இடித்தது. பிறகு நெஞ்சும் பழகிவிட்டது. சில நாட்களில் கண்ணாடி முன் நின்று, தான் உண்மையிலேயே எங்கேயோ விழுந்திருக்கக்கூடும் என்றுகூட அவள் யோசித்தாள்.

உண்மையைச் சொல்ல ஒரு தடவை முயன்றும் பார்த்திருந்தாள். விலா எலும்பு நொறுங்கியதுபோல வலித்த ஒரு சனிக்கிழமை, மூச்சு எடுக்க முடியாமல் போனதும் வசந்த்குமாரே அவளை வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவர் வெளியே இருந்தார். உள்ளே இளம் டொக்டர் ஒருவர், என்ன நடந்தது என்று கேட்டார். பிரபாலினி டொச்சு என்கிற ஜெர்மன் மொழி வகுப்புக்குப் போனது கொஞ்சக் காலம்தான். அதற்குள் வசந்த்குமார் மறித்துவிட்டார். மனுசன் என்னை விழுத்தினவர் என்று அவள் சொல்ல நினைத்தாள். தமிழில் விழுவதற்கும் விழுத்துவதற்கும் நடுவில் இருப்பது ஒரு சின்ன அழுத்தம்தான். டொச்சிலும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பி, தெரிந்த சொற்களை அடுக்கினாள்.

"மைன் மான்... கெஃபாலன்."

டொக்டருக்கு நன்றாக விளங்கிவிட்டது. இந்தப் பெண்ணின் கணவர் விழுந்துவிட்டார். அவர் பதறி எழுந்து வெளியே போய், வசந்த்குமாரைத் தாங்கிப் பிடித்து உள்ளே அழைத்துவந்தார். பரிசோதித்ததில் வசந்த்குமாரின் வலது கை விரல் முட்டிகள் வீங்கியிருப்பது தெரியவந்தது. படம் எடுத்தார்கள். களிம்பு பூசிக் கட்டுப் போட்டார்கள். ஒரு கிழமை வேலைக்குப் போகக் கூடாது என்று கடிதமும் கொடுத்தார்கள். பிரபாலினியின் விலாவைப் பற்றிக் கேட்க அன்று யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. ட்ராமில் திரும்பி வரும்போது கட்டுப் போட்ட கையை அவர் அவள் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அவருக்கு இடது கையும் நன்றாக வரும் என்பதை வீட்டுக்கு வந்த பிறகு அவள் அறிந்துகொண்டாள்.

வசந்த்குமார் தரை போடும் தொழில் செய்பவர். வீடுகளுக்கும் கடைகளுக்கும் லினோலியம் விரித்துக் கொடுப்பார். அண்மைக் காலமாக, லினோலியம் வெட்டும் வளைந்த கத்தியை வேலைப் பெட்டியில் வைக்காமல் சாப்பாட்டு மேசையில், தட்டுக்குப் பக்கத்தில் வைக்கத் தொடங்கியிருந்தார். ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

"அடுத்த முறை நீ விழுந்தியெண்டா எழும்பமாட்டாய்."

அவரும் அதே சொல்லைத்தான் பாவித்தார். அது பிரபாலினிக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்த வீட்டில் இருவரும் ஒத்துக்கொண்ட ஒரே விசயம் அதுதான் போலும்.

அவளுக்கு வேண்டியிருந்தது அதிகமில்லை. பெண்கள் காப்பகம் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தாள். அங்கே அவளோடு வந்து, அந்த ஒரு வசனத்தை டொச்சில் பிழையில்லாமல் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் அடுத்த விழுதலுக்கு முன்பே கிடைக்க வேண்டும். தமிழ்க் கடையின் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த விளம்பரத்தை அவள் பார்த்தது அப்போதுதான். "பெண்களின் உடல்நலம் எங்கள் உயிர்மூச்சு. தயங்காமல் அழையுங்கள். அ-ஆ-இ சகோதரியம், கெல்சென்கிர்ச்சன் கிளை."

சகோதரியத்தின் வரலாறு பெருமைக்குரியது. தலைவி கமலநாயகி அமெரிக்காவில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, அங்கே பல்கலைக்கழகப் பெண்கள் கிரேக்க எழுத்துகளை மார்பில் குத்திக்கொண்டு, சத்தியம் செய்து, ஒருவரையொருவர் சகோதரி என்று அழைத்துக்கொள்வதைக் கண்டார். திரும்பி வந்ததும் தமிழுக்கு எழுத்துப் பஞ்சமா என்று கேட்டு, அன்பு, ஆரோக்கியம், இணக்கம் என்பவற்றின் முதலெழுத்துகளை எடுத்து அமைப்பைத் தொடங்கினார். உறுப்பினர்கள் வாடாமல்லி நிறச் சேலை உடுத்து, அ-ஆ-இ என்று பொறித்த பதக்கம் அணிய வேண்டும். சந்திக்கும்போது வலது உள்ளங்கையை மற்றவர் நெற்றியில் வைக்க வேண்டும். "என் சகோதரியின் குடும்ப மானம் என் மானம்" என்று விளக்கின் முன் சத்தியம் செய்ய வேண்டும். விளம்பரத்தில் இருந்த மூன்று எழுத்துகளையும் பிரபாலினி மெதுவாக வாய்விட்டு வாசித்தாள். யாரையோ அவசரமில்லாமல் அடிக்கும்போது வரும் சத்தம்போல் கேட்டது.

தொலைபேசியை எடுத்தவர் செயலாளர் கலாதேவி. வங்கியில் வேலை செய்பவர், டொச்சில் புலி. பிரபாலினி ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனம் ஒன்று. வாயிலிருந்து வந்தது வேறொன்று.

"அக்கா, எனக்கு ஒரு உதவி வேணும். நான் அடிக்கடி விழுகிறன்."

மறுமுனையில் ஏதோ தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு கலாதேவியின் குரல் பூரித்தது. கிளைக்கு இந்த வருடத்துக்கான நலத் தலைப்பு இன்னும் கிடைக்கவில்லை என்பதை அவர் விளக்கினார். சலரோகம் என்ற சர்க்கரை வியாதியை எசன் கிளை எடுத்துவிட்டது. இரத்த அழுத்தம் டோர்ட்மன்ட்காரரிடம். புற்றுநோய் என்றால் சனம் சாப்பிடாமல் எழுந்து போய்விடும்.

"விழுகிறதை ஒருத்தரும் எடுக்கேல்லைப் பிள்ளை. நீங்கள் ஆரிட்டையும் சொல்லிப்போடாதையுங்கோ."

அடுத்த ஞாயிறே நிர்வாகக் குழு வாடாமல்லிச் சேலைகளுடன் வீட்டைப் பார்வையிட வந்தது. வசந்த்குமார் சவரம் செய்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, தானே தேநீர் ஊற்றிக் கொடுத்தார். கமலநாயகி ஒவ்வொரு நெற்றியிலும் உள்ளங்கையை வைத்துவிட்டு, விழுந்த படியைக் காட்டும்படி கேட்டார். படி இல்லை என்பது கொஞ்ச நேரத் தேடலுக்குப் பின் உறுதியானது. எல்லோரும் தலைவியைப் பார்த்தார்கள். பிரபாலினி கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். இதோ, இப்போது கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தாள். கேட்டால் சொல்லிவிட வேண்டும்.

கமலநாயகி கண்களை மூடித் திறந்தார்.

"படி இருக்கிற வீட்டிலை ஆரும் விழுவினம். படியில்லாமலே விழுகிறா எண்டா, இந்தப் பிள்ளைக்கு எங்கட சேவை எவ்வளவு தேவை எண்டு பாருங்கோ."

வசந்த்குமார், தரை வழுக்குகிறதோ என்று தனக்கும் ஒரு சந்தேகம் இருப்பதாகச் சொன்னார். தொழில் தெரிந்தவர் என்ற முறையில், சகோதரியத்தின் எல்லா நிகழ்ச்சிகளுக்கும் வழுக்காத விரிப்புகளை அன்பளிப்பாகத் தருவதாகவும் சொன்னார். எல்லா ஆண்களும் இவரைப் போல இருந்தால் பெண்கள் ஏன் விழப்போகிறார்கள் என்று கமலநாயகி நெகிழ்ந்தார். கோப்பைகளைக் கழுவ வந்த கலாதேவியைப் பிரபாலினி சமையலறையில் பிடித்தாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் சொன்னாள்.

"அக்கா, நான் விழேல்லை. அவர்தான் விழுத்தினவர்."

கலாதேவி பதக்கத்தைத் தொட்டுச் சரிசெய்தார். அவர் முகத்தில் தெரிந்தது அதிர்ச்சி அல்ல. வரிசையில் நிற்காமல் முன்னால் வந்துவிட்ட ஒருவரைப் பார்க்கும் வங்கி ஊழியரின் பார்வை.

"பிள்ளை, எங்கட கிளைக்குக் கிடைச்ச தலைப்பு விழுதல். விழுத்துதல் வேறை தலைப்பு. அதுக்கு மேலிடத்திலை அனுமதி எடுக்கோணும்."

குழு போனதும் வசந்த்குமார் கதவைப் பூட்டினார். அவள் கூந்தலைக் கையில் சுற்றிக்கொண்டு, அறை அறையாக இழுத்துப்போய்த் தரையைக் காட்டினார். இந்த இடமா வழுக்குகிறது என்று கேட்டார். ஒவ்வொரு இடத்திலும் அவள் நெற்றியைத் தரையில் ஒரு தடவை மோதிப் பார்த்தார். குளியலறையில், கூடத்தில், வாசலில். லினோலியம் எங்கும் நன்றாகவே இருந்தது. அவர் வேலையில் குறை சொல்ல முடியாது.

இயக்கத்துக்குப் பெயர் வைக்கும் கூட்டம் தேவாலய மண்டபத்தின் பின்னறையில் நடந்தது. பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் பிரபாலினி ஒரு மூலைக் கதிரையில் இருத்தப்பட்டாள். கமலநாயகி "பெண்கள் விழா" என்ற பெயரை முன்மொழிந்தார். கொண்டாட்டம் என்றும் பொருள், விழமாட்டார்கள் என்றும் பொருள். துணைத்தலைவி எழுந்து, இது சனத்தைக் குழப்பும், பூப்புனித நீராட்டு விழா என்று நினைத்து மொய்யோடு வருவார்கள், "விழாமை இயக்கம்" என்பதே இலக்கணம் என்றார். கமலநாயகி அவரிடம், இலக்கணம் படித்தவர்கள் எசன் கிளைக்குப் போகலாம் என்றார். துணைத்தலைவி, தலைவியின் தங்கை அமெரிக்காவில் என்ன வேலை பார்க்கிறாள் என்பது தனக்குத் தெரியும் என்றார்.

முதலில் பறந்தது தேநீர்க் குடுவை. அது சுவரில் பட்டு உடைந்ததும் கூட்டம் ஒழுங்குக்கு வந்ததுபோல் எல்லோரும் எழுந்தார்கள். அன்புப் பிரிவின் பொறுப்பாளர் இணக்கப் பிரிவின் பொறுப்பாளரைக் கொண்டையில் பிடித்துச் சன்னலோடு சாத்தினார். வளையல்கள் நொறுங்கின. ஒரு பதக்கச் சங்கிலி இழுபட்டு ஒரு கழுத்தில் சிவப்புக் கோடாக இறங்கியது. நெற்றியில் வைக்க வேண்டிய உள்ளங்கைகள் கன்னங்களில் விழுந்தன. கடைசியில் கமலநாயகி குத்துவிளக்கின் தண்டைக் கழற்றி வீசியதில் துணைத்தலைவியின் முன்பல் ஒன்று மேசைமேல் வந்து விழுந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். கமலநாயகி சேலை மடிப்பை நீவிக்கொண்டு தன் இருக்கைக்குத் திரும்பினார்.

"சகோதரி வழுக்கி விழுந்திட்டா," என்றார்.

துணைத்தலைவி கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி ஆமோதித்தார். "ஓம். விழுந்திட்டன்."

பெயர் ஏகமனதாக நிறைவேறியது. மூலையில் இருந்த பிரபாலினி அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நாளும் தான் மட்டும் இரகசியமாய்ப் பேசிவந்த ஒரு பாசையை இந்த அறையில் எல்லோரும் பேசுகிறார்கள். துணைத்தலைவியின் உதட்டில் அந்தச் சொல் எவ்வளவு சுலபமாக வந்து இருந்துகொண்டது. அவளுக்கு அழுகை வரவில்லை. குளிர்ந்தது.

விழாவுக்கு முன்னோடியாகப் பயிற்சி ஒன்று வைக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். நகரத்து விளையாட்டுக் கழகம் ஒன்றில் முதியவர்களுக்கு விழும் பயிற்சி கொடுக்கும் மெலனி என்ற பெண்ணைக் கலாதேவி பிடித்துவந்தார். மெலனி ஜூடோக்காரி, குறுகிய முடி, அகன்ற தோள்கள். வாடாமல்லிச் சேலைக்குள் விளையாட்டுக் காற்சட்டை அணிந்து வரிசையில் நின்ற சகோதரிகளிடம், விழாமல் இருக்கத் தன்னால் சொல்லித்தர முடியாது என்று முதலிலேயே சொன்னாள். எல்லோரும் விழுவார்கள். எப்படி விழுவது என்றுதான் சொல்லித்தருவாள். தலையைக் குனிந்து நாடியை நெஞ்சோடு சேர்க்க வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. முதுகை உருட்டிவிட வேண்டும். யாராவது பிடித்து இழுத்தால் எதிர்த்து நிற்காமல் அவன் இழுக்கிற பக்கமே போக வேண்டும். ஆனால் பிடித்தவனை விட்டுவிடக் கூடாது.

சகோதரிகள் இதை எதிர்பாராத ஆர்வத்தோடு கற்றார்கள். குறிப்பாக, மற்றவரை விழுத்திக் காட்டும் பகுதி. ஒரு திருமணத்தில் சேலை கொடுக்காமல் விட்டது, ஒரு பிறந்தநாளுக்கு அழைக்காமல் விட்டது எல்லாம் அன்று விரிப்பில் தீர்க்கப்பட்டன. மண்டபம் அ என்றும் ஆ என்றும் அதிர்ந்தது. இவ்வளவு திறமையைத் தான் எந்தக் கழகத்திலும் கண்டதில்லை என்று மெலனி வியந்தாள்.

பிரபாலினியின் முறை வந்தது. மெலனி அவள் சட்டைக் கையைப் பற்றியபோது துணி மேலேறி முழங்கைக்குக் கீழே வெளிப்புறம் முழுவதும் தெரிந்தது. ஊதா, பச்சை, மஞ்சள். மெலனி பிடியை விட்டாள். தன் இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால் தூக்கி மறைத்துக் காட்டினாள். இப்படி நின்றால்தானே இந்த இடத்தில் படும் என்று அந்தச் சைகை கேட்டது. பிறகு டொச்சில் ஏதோ கேட்டாள்.

"உங்கட சட்டை வடிவாய் இருக்காம்," என்று கலாதேவி மொழிபெயர்த்தார்.

மெலனியின் கேள்வியில் இருந்த யார் என்ற சொல் பிரபாலினிக்குத் தெரியும். வகுப்பின் முதல் பாடத்திலேயே அது இருந்தது. அவள் கலாதேவியைப் பார்த்தாள், மெலனியைப் பார்த்தாள். மெலனி மொழிபெயர்ப்பாளரைத் தாண்டிக் குனிந்து, மெதுவாக ஒரு சொல்லைக் கேள்வியாக வைத்தாள்.

"கெஷ்லாகன்?"

சொல்லும்போது தன் உள்ளங்கையில் முட்டியால் ஒரு தடவை குத்திக் காட்டினாள். பயிற்சி நேரம் முடிந்தது என்று கலாதேவி கைதட்டினார்.

அந்தச் சொல்லைப் பிரபாலினி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அரிசி கழுவும்போது குழாய்ச் சத்தத்துக்குள் சொல்லிப் பார்த்தாள். சட்டைகளுக்கு ஸ்திரி போடும்போது ஆவிக்குள் சொல்லிப் பார்த்தாள். வகுப்பில் படித்த வசனங்களில் அதை எங்கே பொருத்துவது என்று தேடி, கடைசியில் பொருத்திவிட்டாள். மைன் மான் ஹாட் மிஷ் கெஷ்லாகன், என் கணவர் என்னை அடித்தார். நாக்கில் அது கல்லைப் போல உருண்டது. கனமாக இருந்தாலும் துப்பிவிட மனம் வரவில்லை. இனி வசனத்துக்கு ஆள் தேவையில்லை என்று ஒரு நேரம் தோன்றும். யாரிடம் போய்ச் சொல்வது என்று மறு நேரம் தோன்றும். மேசையில் கத்தி இருந்தது.

பெண்கள் விழா ஒரு சனிக்கிழமை நடந்தது. மேடை முழுவதும் வசந்த்குமாரின் விரிப்பு. மேடையிலிருந்து மண்டபத்துக்கு இறங்க, தெளிவான, உறுதியான, கல்லால் ஆன படிகள் இருந்தன. பிரபாலினிக்கு "விழா மகளிர்" விருது என்று அறிவித்திருந்தார்கள். முந்தின நாள் வசந்த்குமார் அவளுக்கு ஒத்திகை வைத்ததில் இடது கண்ணின் கீழ் ஒரு புதிய வீக்கம் வந்திருந்தது. அதைச் சகோதரியத்தின் அழகுக்கலைப் பிரிவு பவுடர் அப்பி மறைத்தது. அப்பியவர் யார், எப்படி என்று ஒன்றும் கேட்கவில்லை. எந்த நிறத்துக்கு எந்தப் பவுடர் என்பது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

விளக்கேற்றிய பின் கமலநாயகி பேச எழுந்தார்.

"அன்பான சகோதரிகளே. நானும் கலியாணம் முடிச்சு வந்த புதிசிலை விழாத நாளில்லை. குசினியிலை விழுந்தன். குளிக்கிற இடத்திலை விழுந்தன். ஒருக்கா ஓடுற காருக்குள்ளை, பெல்ட் போட்டுக்கொண்டு இருந்தபடியே விழுந்தன். ஆரிட்டையாவது போய்ச் சொன்னனோ? இல்லை. எழும்பிப் போய்ச் சமைச்சன். இப்ப இவருக்குத் தோள்மூட்டு ஏலாது, கை மேலை உயராது. அண்டைக்குப் பிறகு நான் ஒருநாளும் விழேல்லை. ஆகவே ஆரோக்கியம் எண்டது பொறுமை, சகோதரிகளே. காலம் வரைக்கும் காத்திருந்தா எல்லாருக்கும் தோள்மூட்டு வருத்தம் வரும்."

கரவொலி எழுந்தது. முன்வரிசையில் அவர் கணவர் பெருமையோடு ஒரு கையால் கதிரையைத் தட்டினார். மண்டபத்தில் இருந்த பெண்களின் முகங்களைப் பிரபாலினி மேடையிலிருந்து பார்த்தாள். அவர்கள் தலையசைத்துக்கொண்டிருந்தார்கள். சிலர் பக்கத்தில் இருந்த ஆண்களின் தோள்களைப் பார்த்தார்கள், எவ்வளவு காலம் பிடிக்கும் என்று கணக்குப் போடுவதுபோல.

விருதைக் கையில் கொடுத்து, ஒலிவாங்கியை வாய்க்கு நேரே பிடித்தார் கலாதேவி. "இனி நான் விழமாட்டேன்" என்று ஒரு வசனம் சொன்னால் போதும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். பிரபாலினி வாயைத் திறந்தாள்.

"நான் விழேல்லை," என்றாள். குரல் மண்டபத்தின் கடைசிச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. "என்னை விழுத்தினவர். என்ரை மனுசன். ஒவ்வொருமுறையும் அவர்தான்."

எங்கோ ஒரு கோப்பை கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. கலாதேவி ஒலிவாங்கியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சகோதரி உணர்ச்சிவசப்பட்டதிலை வினைச்சொல் கொஞ்சம் மாறிப்போச்சு. விழுந்தன் எண்டதைத்தான் சொல்லுறா. அவவுக்கு ஒரு பலத்த கைதட்டல் குடுங்கோ."

பலத்த கைதட்டல் கொடுக்கப்பட்டது. அது ஓய்வதற்குள், பொன்னாடை போர்த்த அன்பளிப்பாளரும் அன்புக் கணவருமான வசந்த்குமார் மேடைக்கு அழைக்கப்பட்டார். அவர் சிரித்துக்கொண்டே வந்தார். சனம் தன் முகத்தைப் பார்க்கும்படி அவளைப் படிகளின் பக்கம் முதுகாக நிறுத்தி, பட்டுச் சால்வையை விரித்து, அவள் தோளில் போட்டு, இரண்டு முனைகளையும் முன்னால் கொண்டுவந்து, ஒன்றின் மேல் ஒன்றாகக் குறுக்கே மாற்றினார். பிறகு இழுத்தார். சரிகை கழுத்தில் அறுத்தது. படம் எடுப்பவர், இன்னும் கொஞ்சம் நெருங்கி நிற்கும்படி கேட்டார். அவர் நெருங்கினார்.

"வீட்டை வா," என்றார், சிரித்த பற்களுக்குள். "இண்டைக்கு எழும்பமாட்டாய்."

சால்வை இறுகியது. மண்டபம் மங்கலாகி, கைதட்டல் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல் ஆனது. இத்தனை வருடமும் இந்த இடத்தில் அவள் உடம்பு விறைத்துக் கொடுத்திருக்கிறது. எதிர்ப்பதற்காக அல்ல, அடி எங்கே விழும் என்று காத்திருப்பதற்காக. இப்போது அவளுக்கு ஒன்று விளங்கியது. இழுக்கிறவருக்கு அவள் நிற்க வேண்டும். நிற்கிறவளைத்தான் விழுத்த முடியும்.

அவள் நாடியை நெஞ்சோடு சேர்த்தாள். இருந்த மூச்சை விட்டாள். விருது கையிலிருந்து உருண்டது. இரண்டு கைகளாலும் அவர் மணிக்கட்டுகளைப் பற்றிக்கொண்டு, அவர் முழங்காலுக்குக் கீழே ஒரு காலை மடித்துக் கொடுத்து, முதுகை உருட்டி, விழுந்தாள்.

வசந்த்குமார் சால்வையை விடவில்லை. எதையும் பாதியில் விடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. அவள் தலைக்கு மேலாக அவர் கால்கள் போவதை அவள் கீழே கிடந்து பார்த்தாள். சப்பாத்தின் அடியில் லினோலியம் பசை காய்ந்திருந்தது. விரிப்பு வழுக்கவில்லை. ஆனால் விரிப்பு மேடையோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு படிகள்தான். முதலாவது படியில் தோளும், அடுத்ததில் தாடையும், அதற்கடுத்ததில் முழங்காலும் பட்டன. எலும்பு உடையும் சத்தம் ஒலிவாங்கி இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்டது. படிகளின் அடியில் அவர் ஒரு பக்கமாக மடிந்து கிடந்து, வாயிலிருந்து இரத்தம் ஒழுக, அ என்றார். பிறகு ஆ என்றார்.

கமலநாயகி ஒலிவாங்கியை எடுத்தார். முப்பது வருட அனுபவம் அவரைக் கைவிடவில்லை.

"ஒருத்தரும் பயப்படாதையுங்கோ. அண்ணை விழுந்திட்டார்."

பிறகு நடந்ததற்கு ஒருவராலும் காரணம் சொல்ல முடியவில்லை. முன்பல் இல்லாத துணைத்தலைவி எழுந்து நின்று கைதட்டத் தொடங்கினார். அவருக்குப் பின்னால் இன்னொருத்தி. விளக்குத் தண்டும் தேநீரும் சங்கிலிக் கோடும் ஞாபகம் வந்ததுபோல் வாடாமல்லிச் சேலைகள் ஒவ்வொன்றாக எழுந்து தட்டின. நிகழ்ச்சி நிரலில் இல்லாத அந்தக் கரவொலியை நிறுத்தும்படி கலாதேவி கேட்டார். நிற்கவில்லை.

விருந்தினர் வரிசையிலிருந்த மெலனிதான் அம்புலன்சுக்கு அடித்தாள். வந்த இருவரில் ஒருவன் வசந்த்குமாரைத் தூக்குப்படுக்கையில் கட்டினான். மற்றவன், இவருடைய ஆள் யார் என்று கேட்டு, பிரபாலினியிடம் வந்தான். என்ன நடந்தது என்று கேட்டான்.

"மைன் மான் இஸ்ட் கெஃபாலன்," என்றாள் அவள்.

இம்முறை இலக்கணம் சரியாக இருந்தது. அவன் தலையாட்டினான். அவள் கழுத்தில் சரிகை அறுத்த கோட்டைக் கண்டு, நீங்களும் விழுந்தீர்களா என்று கேட்டான்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு விருப்பமில்லை.

"யா," என்றாள். "ஹொய்ட. சும் எர்ஸ்டன் மால்."

ஆம். இன்றைக்கு. முதல் தடவை.

அவன் ஒரு சின்ன விளக்கை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தான். வியர்வையில் பவுடர் கரைந்து, கண்ணுக்குக் கீழே பழைய மஞ்சளும் அதன்மேல் நேற்றைய ஊதாவும் வெளியே வந்திருந்தன. அப்படியென்றால் இது என்ன என்று கேட்டான். கலாதேவி வேகமாக இடையில் வந்து டொச்சில் தொடங்கினார். பிரபாலினி அவர் தோளில் கையை வைத்து, மெதுவாக ஒரு பக்கம் ஒதுக்கினாள்.

"நான் சொல்லுறன் அக்கா."

மெலனி கதவடியில் பிரபாலினியின் மேற்சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு காத்துநின்றாள். பிரபாலினி அந்த வசனத்தைச் சொன்னாள். அரிசியும் ஆவியும் கேட்டிருந்த வசனம், ஒரு எழுத்துப் பிசகாமல்.

அதில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் தூக்குப்படுக்கையில் கிடந்தார். மற்றவள் நின்றுகொண்டிருந்தாள்.